கொய்யா மரத்துக்குச் சொறி பிடிக்கவில்லை, பட்டை உரிகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையின் புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் நாளிதழில் மரம் நடுவது பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், அதனால்தான் இதை உங்களுக்கு எழுதத் தோன்றியது.

ஆறு வாரங்களுக்கு முன்னால் எங்கள் குடியிருப்பின் சின்னப் பூங்காவில் நின்ற கொய்யா மரத்தை வெட்டிவிட்டார்கள். பன்னிரண்டு அடி உயரம் இருக்கும், தரையிலிருந்தே மூன்று தண்டுகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று தொடாமல் வளைந்து மேலே போய் ஒரே குடையாக விரிந்த மரம். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். "மரத்துக்குச் சொறி பிடிச்சிருச்சு டீச்சர், தோல் தோலா உரியுது, விட்டா மத்த மரத்துக்கும் பரவிடும்" என்றார் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர். நல்ல மனிதர்தான், பூங்காவுக்குத் தன் கைக்காசைப் போட்டுத் தண்ணீர்க் குழாய் இழுத்தவர். கெட்ட எண்ணத்தில் யாரும் அதை வெட்டவில்லை. நான் அன்று ஊரில் இல்லை, இருந்திருந்தால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

கொய்யா மரத்தின் பட்டை உரிவது நோய் இல்லை. அது அந்த மரத்தின் இயல்பு. உரியவில்லை என்றால்தான் ஏதோ சரியில்லை என்று யோசிக்க வேண்டும். இதை ஒரு தடவை அச்சில் போட்டுவிட்டால் எத்தனையோ வீட்டுக் கொல்லைகளில் எத்தனையோ மரங்கள் பிழைக்கும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு மரம் உயரமாக மட்டும் வளர்வதில்லை, பருக்கவும் செய்கிறது. உள்ளே தண்டு பருக்கும்போது வெளியே இருக்கும் பட்டை செத்த திசு என்பதால் கூடவே விரிய முடியாது, எங்கேயாவது விட்டுத்தான் கொடுக்க வேண்டும். வேம்பிலும் புளியிலும் அது பாளம் பாளமாக வெடித்து, வெடித்தபடியே ஒட்டிக்கொண்டு வருடத்துக்கு வருடம் தடித்துப் போகிறது, அதனால் அந்த மரங்களைத் தொட்டால் சொரசொரவென்று இருக்கும். கொய்யாவுக்கு வெளிப்பட்டை காகிதம் மாதிரி மெல்லியது. உள்ளே புதிய அடுக்கு ஒன்று உருவானதும் மேலே இருக்கிற பழைய அடுக்கு பிடி விட்டு, ஓரம் சுருண்டு, செதில் செதிலாகக் கீழே விழுந்துவிடுகிறது. பாம்பு சட்டையை உரிக்கிறது என்றால் யாரும் பாம்புக்கு நோய் என்று சொல்வதில்லை அல்லவா, இதுவும் கிட்டத்தட்ட அதுதான்.

உரிந்த இடத்தில் தெரியும் நிறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இளம்பச்சை. அந்த அடுக்கில் பச்சையம் இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அது மெல்லச் சாம்பலாகி, பழுப்பாகி, கடைசியில் செம்பு நிறத்துக்கு வந்து, பிறகு அதுவும் ஒரு நாள் உரிந்து விழும். எல்லா இடமும் ஒரே நாளில் உரிவதில்லை என்பதால் ஒரே தண்டில் பச்சை, சாம்பல், செம்பு எல்லாம் திட்டுத்திட்டாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மழை பெய்து ஓய்ந்த கையோடு போய்ப் பாருங்கள், பச்சை இன்னும் பச்சையாகி, செம்பு புளி போட்டுத் தேய்த்த குடம் மாதிரி மின்னும். காலை ஏழு மணிச் சாய்வு வெயிலிலும் அப்படித்தான். இவ்வளவு அழகான அடிமரத்தை வைத்துக்கொண்டு நாம் பழத்தை மட்டுமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தீராத வருத்தம். அலங்காரத்துக்கென்று நர்சரியில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏதேதோ செடி வாங்குகிறவர்கள், வாசலில் நிற்கிற கொய்யாவின் பட்டையை ஒரு தடவைகூட நின்று பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளூர் மாடு விலை போகாது என்பது மரத்துக்கும் பொருந்தும் போல.

உள்ளூர் என்று சொன்னாலும் கொய்யா நம் மண்ணில் பிறந்ததில்லை, அது வெப்பமண்டல அமெரிக்காவின் மரம். கடல் கடந்து வந்து சில நூற்றாண்டுகளில் நம்முடையதாகவே ஆகிவிட்டது, பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி என்றாலே கொய்யா ஞாபகம் வருகிற அளவுக்கு. நாவல், கிராம்பு, யூக்கலிப்டஸ் எல்லாம் அதற்கு ஒரே குடும்பம். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் தைலமரத்தின் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்குவதைப் பார்த்திருப்பார்கள், அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. காவிரிக் கரைகளில் நிற்கும் நீர்மருதும் இப்படித்தான், பெரிய பெரிய தகடாக உதிர்த்துவிட்டு வழுவழுவென்று வெளுத்து நிற்கும். ஆனால் மருதை இரண்டு சென்ட் மனையில் வைக்க முடியாது, கொய்யாவை வைக்கலாம். எப்போதும் இலையோடு இருக்கும், வீட்டை மறைக்கிற அளவுக்கு உயராது, கூரையைத் தொட்டால் வெட்டிவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது.

இனி உண்மையான நோய் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் குழம்பிப் போவதுதான் பிரச்சினையே.

பட்டை தின்னும் புழு என்று ஒன்று இருக்கிறது. அது கொய்யா, மா, நெல்லி, முருங்கை எல்லாவற்றுக்கும் வரும். அது வந்தால் தண்டின் மேல், குறிப்பாகக் கிளை பிரிகிற கவட்டையில், மரத்தூளும் புழுவின் எச்சமும் நூலாம்படையோடு சேர்ந்து பழுப்பு நிற நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு துளை. பகலில் புழு அந்தத் துளைக்குள் இருந்துகொள்ளும், இரவில் வெளியே வந்து நாடாவுக்கு அடியில் பட்டையைச் சுரண்டித் தின்னும். அந்தக் குப்பையைத் துடைத்து, ஒரு கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் துளைக்குள் திணித்து, ஈர மண்ணால் பூசி அடைத்துவிட்டால் போதும். இதற்காகவும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

வாடல் நோய் வேறு. அது மண்ணிலிருந்து வேர் வழியாக வருகிற பூஞ்சாணத்தால் வருவது. இலை வெளிறி மஞ்சளாகும், கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும், காய்கள் வளராமல் கல் மாதிரி கருத்து நிற்கும், பட்டையும் வெடிக்கும். அந்த மரத்தைக் காப்பாற்றுவது கஷ்டம்தான். ஆக, பட்டை உரிந்தால் உடனே அண்ணாந்து இலையைப் பாருங்கள். இலை பச்சையாக, கொழுந்து விட்டுக்கொண்டு, உரிந்த இடம் காய்ந்து வழுவழுப்பாக இருக்கிறதா, மரம் நன்றாக இருக்கிறது, போய் வேறு வேலையைப் பாருங்கள். உரிந்த இடம் ஈரமாகக் கசிகிறதா, கருத்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா, அப்போதுதான் யாரையாவது கூப்பிட வேண்டும். பூங்கா மரம் வெட்டிய அன்று காலையில்கூட வெள்ளைப் பூவோடு நின்றது என்று பால்காரர் சொன்னார். அப்படி நின்ற மரத்தில் நோயின் அடையாளம் எங்கே?

எனக்கும் ஆரம்பத்தில் இது தெரியாது. 2011-ல் ஆயக்குடிப் பக்கமிருந்து லக்னோ 49 ரகத்தில் ஒரு விண்பதியக் கன்று, அதாவது மரத்தில் இருக்கும்போதே கிளையை வேர் விடச் செய்து வெட்டி எடுத்த கன்று, வாங்கி வந்து வைத்தேன். மூன்றாம் வருடம் தண்டு கை மணிக்கட்டு அளவுக்குப் பருத்தபோது பட்டை உரிய ஆரம்பித்தது. பதறிப் போய் ஒரு கடைக்கு ஓடினேன், அங்கே இருந்தவர் போட்டோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு "பூஞ்சாணம்மா" என்று சொல்லி காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சாணக் கொல்லிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். கரைத்துத் தண்டு முழுக்க அப்பினேன். செம்பு நிற மரம் நீலம் பாரித்துப் போய்ப் பார்க்கவே சகிக்கவில்லை. சில மாதத்தில் அந்த நீலப் பட்டை அத்தனையும் தானாகச் சுருண்டு உதிர்ந்து, உள்ளேயிருந்து எப்போதும் போல இளம்பச்சையாக மரம் வெளியே வந்தது. அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கப்புறம் தோட்டக்கலைத் துறை நடத்திய ஒரு பயிற்சிக்குப் போய் மேலும் தெரிந்துகொண்டேன், மீதியை அந்த மரமே சொல்லிக் கொடுத்தது.

பழத்துக்கு வளர்க்கிற மாதிரி வளர்த்தால் அடிமரம் வெளியே தெரியாது. தோப்புகளில் இப்போது அடர் நடவு செய்கிறார்கள், இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்து ஒரு ஹெக்டேரில் 5000 கன்று வரைக்கும் நிறுத்தி, தலையை வெட்டி வெட்டி இடுப்புயரப் புதராக்கி வைப்பார்கள். விளைச்சலுக்கு அது சரி. நர்சரிகளில் கேட்டால் எடுத்த எடுப்பில் தைவான் பிங்க்கைத்தான் நீட்டுகிறார்கள், சீக்கிரம் காய்க்கும், மாடியில் டிரம்மில்கூட வைக்கலாம். ஆனால் டிரம்மில் அடக்கி வைத்த செடியில் தண்டு பருக்காது, பருக்காத தண்டில் இந்த அழகு வராது. மண்ணில் வையுங்கள், நாலு பக்கமும் நடந்து வருகிற மாதிரி இடம் விட்டு வையுங்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை லக்னோ 49 கொஞ்சம் குள்ளமாகப் பக்கவாட்டில் படரும், அலகாபாத் சஃபேதா நிமிர்ந்து உயரும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், அதன் தண்டு நேராகப் போகாமல் வளைந்து நெளிந்து போகும். பெங்களூருவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கிரண், அர்கா மிருதுளா போன்றவையும் கிடைக்கின்றன. விதை போட்டு முளைத்த கன்றும் நன்றாகத்தான் வரும், ஆனால் பழம் தாய் மரம் மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது, காய்க்க நாளும் ஆகும். விண்பதியக் கன்றுக்கு அந்தக் கவலை இல்லை, அதோடு அடியிலிருந்து துளிர்த்தாலும் அதே ரகமாகத்தான் துளிர்க்கும். ஒட்டுக்கன்றில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேறு மரம்.

ஆனி, ஆடியிலிருந்து மார்கழிக்குள் எப்போது வேண்டுமானாலும் நடலாம். முழங்கைக்கு ஒரு முழம் என்று நீள அகல ஆழம் மூன்றும் ஒன்றரை அடி குழி, தோண்டிய மண்ணோடு மக்கிய தொழுவுரம். உவர் மண்ணையும் கொஞ்சம் சுண்ணாம்பு மண்ணையும்கூடத் தாங்கிக்கொள்ளும், தண்ணீர் தேங்குவதைத்தான் தாங்காது. முதல் வருடம் காவலாக ஒரு குச்சி. அப்புறம் மார்ச்சிலும் அக்டோபரிலும் தொழுவுரம். உரத்தைத் தண்டை ஒட்டிக் கொட்டாதீர்கள், இலைக் குடையின் விளிம்பு தரையில் எங்கே விழுகிறதோ அங்கே வட்டமாகப் போடுங்கள். தண்ணீரும் அங்கேதான். தண்டைச் சுற்றி மண்ணை லேசாக மேடாக்கி, அந்த இடம் எப்போதும் காய்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டால் பட்டையும் சுத்தமாக இருக்கும், வேர் நோய் வரும் வாய்ப்பும் குறையும். வாசல் கூட்டுகிற குப்பையையும் கோலமாவுத் தண்ணீரையும் அடிமரத்தில் கொண்டு போய்ச் சேர்க்கிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

தண்டை வடிவமைப்பதுதான் முக்கியம், இதில் அவசரப்படவே கூடாது. ஒற்றைத் தண்டா, இரண்டா மூன்றா என்பதை முதல் வருடத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். மூன்று என்றால் அடியிலிருந்து வெவ்வேறு திசையில் போகிற மூன்றை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று உரசுகிறதை எடுத்துவிடுங்கள், உரசினால் அந்த மெல்லிய பட்டை புண்ணாகிவிடும். பிறகு இடுப்புயரம் வரைக்கும் வருகிற பக்கத் துளிர்களை அவ்வப்போது பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். பெரிதாக விட்டு அரிவாளால் வெட்டினால் அந்த வடு வருடக்கணக்கில் தெரியும். இளங்கிளையைக் கையில் பிடித்துப் பார்த்தால் உருண்டையாக இருக்காது, நாலு மூலை இருக்கும், பச்சையாக இருக்கும். அது முற்றி உருண்டையாகி, பழுப்பாகி, முதல் செதில் சுருள்வதைப் பார்க்க இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அந்த முதல் செதிலைப் பார்க்கிற நாள் வீட்டில் ஒரு விசேஷம் மாதிரி இருக்கும், நான் பொய் சொல்லவில்லை.

மேலே தலையை மட்டும் அடர்ந்து போகாமல் பார்த்துக்கொண்டால் வெயில் தண்டு வரைக்கும் இறங்கும். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால் அறுவடைக்குப் பிறகு கிளைகளை லேசாக வெட்டிக் கவாத்து செய்வது பழத்துக்கும் நல்லது, நிமிர்ந்து போகிற கிளையை வளைத்துக் கட்டினாலும் பூ பிடிக்கும். ஒரேயடியாக மொட்டையடித்துவிடாதீர்கள், நிழலிலேயே இருந்த பட்டையில் திடீரென்று சித்திரை வெயில் அடித்தால் வெந்து வெடித்துவிடும்.

சுருண்டு நிற்கிற செதிலைச் சும்மா விரலால் தட்டினால் உதிரும், அது பரவாயில்லை. ஒட்டிக்கொண்டிருப்பதை நகத்தால் பிய்த்து எடுக்காதீர்கள், கீழே இருக்கிற உயிருள்ள அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள், அவர்களுக்குத்தான் கை சும்மா இருக்காது. ஆனால் ஏறாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். வழுவழுப்பான தண்டு, முறியாமல் வளைகிற கிளை, ஏறிப் பழகுவதற்கு இதைவிட நல்ல மரம் எது? எங்கள் காலத்தில் பம்பரத்துக்கும் உண்டிவில்லுக்கும் கொய்யாக் கட்டையைத்தான் தேடுவோம், அவ்வளவு உறுதி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விழா என்றாலும் அதிகாரி வருகிறார் என்றாலும் மரங்களின் அடியில் பெயின்ட் அடிப்பது வழக்கமாகிவிட்டது. கடும் கவாத்துக்குப் பிறகு வெயில் சுடாமல் இருக்கச் சுண்ணாம்பு அடிப்பதில் ஒரு காரணம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எனாமல் பெயின்டுக்கு என்ன காரணம்? பட்டையில் மரம் மூச்சு விடுவதற்கான நுண்துளைகள் இருக்கின்றன, அதன் மேல் எண்ணெய்ப் பூச்சை அப்புகிறோம். ஆணி அடித்து விளம்பரத் தட்டி மாட்டுவது, துணிக்கொடிக்கு நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டுவது, சீரியல் லைட் வயரைக் கட்டிவிட்டு அவிழ்க்காமல் மறப்பது எல்லாமே இந்த மரத்துக்குக் கூடுதல் ஆபத்து. மரம் பருக்கும், கயிறு பருக்காது. மெல்லிய பட்டைக்குள் கயிறு இறங்கிவிட்டால் இலை தயாரிக்கிற உணவு வேருக்குப் போகிற வழி அடைபட்டு, மேலே பச்சையாகத் தெரிந்துகொண்டே மரம் கீழேயிருந்து செத்துவரும்.

பழத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்று நினைப்பீர்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் இருப்பதைப்போல நாலு மடங்கு, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் மரத்தில் வருடம் இரண்டு தடவை காய்க்கும், பாதி கிளிக்கும் அணிலுக்கும் போகும், பழ ஈ வருகிற மாதத்தில் ஒரு பொறி தொங்கவிடுவேன். பழம் முடிந்த பிறகும் வருடம் முழுக்கப் பார்க்க ஒரு தண்டு இருக்கிறதே என்பதுதான் நான் சொல்ல வந்தது. பள்ளி வளாகங்களிலும் தெரு முனைப் பூங்காக்களிலும் அலங்காரத்துக்கென்று எதையோ வைக்கிறவர்கள் கொய்யாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளுக்குப் பழமும் கிடைக்கும்.

கடைசியாக எங்கள் பூங்கா விஷயம். வெட்டிய அடிக்கட்டையில் துளிர் வந்துவிட்டது. நேற்றுப் போய் எண்ணினேன், ஒன்பது துளிர்கள், நாலு மூலைத் தண்டோடு, நுனி இலை லேசாகச் சிவந்து. பூங்காவைச் சுத்தம் செய்கிறபோது அடிக்கட்டையை வேரோடு எடுத்துவிட்டுச் சிமென்ட் பெஞ்சு போடலாம் என்று பேச்சு இருக்கிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். ஒன்பதில் மூன்றை விட்டுவிடுங்கள், தண்ணீர் நான் ஊற்றுகிறேன் என்று கேட்கப் போகிறேன். நான் வாயால் சொன்னால் டீச்சர் ஏதோ மரப் பாசத்தில் பேசுகிறார் என்பார்கள், அச்சில் வந்தால் படித்துப் பார்ப்பார்கள். முழுவதும் போட இடமில்லை என்றாலும் நோய்க்கும் உரிதலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்ன பகுதியையாவது அதற்குள் வெளியிட முடியுமா? என் வீட்டு மரத்தின் படம் ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன், போன வாரம் மழை விட்டதும் எடுத்தது.

அன்புடன்,
உங்கள் வாசகி,
மதுரை